குழந்தைக்கு முதல் ஜிபிஎஸ்: தொலைஞ்சாலும் திட்டாம இருக்க முடியுற விலை எது?



நம்ம சேனல்ல கேஷ்னா பணம்தான். ஆனா இந்தப் பதிவுல வர்ற கேஷ் வேற. பூங்காவிலோ காட்டுப் பாதை ஓரத்திலோ யாரோ ஒளிச்சு வெச்ச ஒரு டப்பா. அது இருக்கிற இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெச்சுத் தேடிக் கண்டுபிடிச்சு, உள்ளே இருக்கிற சீட்டுல பேரை எழுதிட்டு, இருந்த மாதிரியே திருப்பி வெச்சிடணும். இதுதான் ஜியோகேஷிங்.

டல்லாஸ் பக்கம் இருக்கிற ஒரு சந்தாதாரர் மெயில் போட்டிருந்தார். "பொண்ணுக்கு 9 வயசு ஆகப்போகுது. ஆறு மாசமா இந்த விளையாட்டுதான் உலகம். பிறந்தநாளுக்கு கையில வெச்சுக்கிற ஜிபிஎஸ் கருவி கேட்கிறா. 600 டாலர்ல ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். ஒரே தடவையா நல்லதா வாங்கிட்டா வருஷக்கணக்குல உழைக்கும்ல சார்?"

"ஒரே தடவையா நல்லதா வாங்கிடு" என்பது நம்ம வீடுகள்ல பரம்பரையா வர்ற பொருளாதாரப் பாடம். கிரைண்டருக்கு அது சரி. பிரிட்ஜுக்கும் சரி. ஒன்பது வயசுப் பிள்ளையோட முதல் ஜிபிஎஸ்ஸுக்கு அது தப்பு என்பதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

ஒரே பாதை, இரண்டு கருவி

போன வருஷம் சியாட்டில் பக்கத்துல இருக்கிற என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த விளையாட்டை நடத்துற நிறுவனத்தோட தலைமை அலுவலகமே அந்த ஊர்லதான் இருக்கு. சனிக்கிழமை காலையில அக்கா பொண்ணு, "மாமா, ஷூ போட்டுக்கோங்க"ன்னு இழுத்துட்டுப் போயிட்டா. கூடவே அக்காவுக்குத் தெரிஞ்ச இன்னொரு தமிழ்க் குடும்பமும் வந்தது. அந்த வீட்டுப் பையனுக்கும் பத்து வயசு.

அக்கா பொண்ணு கையில பழைய கார்மின் இட்ரெக்ஸ் 20. எழுபது டாலருக்கு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஓரத்து ரப்பர் உரிஞ்சு, அக்கா பசை போட்டு ஒட்டியிருந்தா. அந்தப் பையனுக்கு வாங்கியிருந்தது 600 டாலர் கருவி. "பையனுக்கு"ன்னுதான் வாங்கினாங்க. ஆனா நடக்க ஆரம்பிச்சதுல இருந்து அது அவங்க அப்பா கையிலதான் இருந்தது.

"அப்பா, நான் வெச்சுக்கிறேன்பா."

"இருடா, இங்க பாறையா இருக்கு. அந்தப் பக்கம் போனதும் தர்றேன்."

அந்தப் பக்கம் போனதும் ஓடை வந்தது. ஓடையைத் தாண்டினதும் சேறு வந்தது. அக்கா பொண்ணு முன்னாடி ஓடி, தப்பான புதருக்குள்ள பூந்து, முள்ளு கீறிக்கிட்டு, திரும்பி வந்து, மறுபடியும் எண்ணைப் பார்த்துட்டு ஓடினா. அந்தப் பையன் அப்பாவுக்குப் பின்னாடி கல்லை உதைச்சுக்கிட்டே நடந்தான். மூணாவது கேஷுக்குப் போறதுக்குள்ள "வீட்டுக்குப் போலாமா"ன்னு கேட்டுட்டான்.

அவங்க அப்பா நல்ல மனுஷன். அவர் மேல குறை சொல்ல ஒண்ணும் இல்லை. 600 டாலர் பொருளைப் பத்து வயசுப் பையன் கையில குடுத்து ஓடைக்கரையில ஓட விட என்னாலயும் முடியாது. பிரச்சினை அவர்கிட்ட இல்லை, விலையில இருந்தது. விலை அதிகமாக அதிகமாக, பொருள் பிள்ளையோட கையை விட்டு நம்ம கைக்கு வந்துடும்.

அதனால என் விதி ரொம்ப எளிமையானது. தொலைஞ்சாலோ உடைஞ்சாலோ பிள்ளையைத் திட்டாம இருக்க உங்களால முடியுற தொகை எதுவோ, அதுதான் முதல் ஜிபிஎஸ்ஸோட பட்ஜெட். அது சம்பளத்தைப் பொறுத்தது இல்லை, உங்க சுபாவத்தைப் பொறுத்தது. லட்ச டாலர் சம்பாதிக்கிறவருக்கும் அந்த எல்லை 80 டாலரா இருக்கலாம். தன்னைத்தானே ஏமாத்திக்காம அந்த எண்ணை முதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க. கடைக்கோ வெப்சைட்டுக்கோ அதுக்கப்புறம் போங்க.

காசு கூடினா துல்லியம் கூடுமா?

600 டாலர் கருவி வாங்கறவங்க மனசுல இருக்கிற நியாயம் இதுதான்: "விலை அதிகம்னா டப்பா இருக்கிற இடத்தைக் கரெக்டா காட்டும்."

கொஞ்சம் பின்னணி சொல்லிடறேன். 2000ஆம் வருஷம் மே மாசம் 2ஆம் தேதி வரைக்கும் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே பிழையைக் கலந்து வெச்சிருந்தது. அதுல இடம் சுமார் 100 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். கிளின்டன் ஆட்சியில அந்தப் பிழையை நிறுத்தினாங்க. அடுத்த நாளே, மே 3ஆம் தேதி, டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துல பீவர்கிரீக் பக்கத்துல ஒரு பக்கெட்டை ஒளிச்சு வெச்சு, அதோட எண்களை இணையத்துல போட்டார். இந்த விளையாட்டு பிறந்தது அப்படித்தான்.

இன்னிக்கு நிலைமை என்ன? திறந்த வெளியில சாதாரண ஸ்மார்ட்போனே சுமார் 5 மீட்டருக்குள்ள காட்டிடும்னு அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே சொல்லுது. தனிக் கருவியும் திறந்த வெளியில ஏறக்குறைய அதே அளவுதான். அடர்ந்த மரங்களுக்கு அடியிலயும் பள்ளத்தாக்குலயும் விலை உயர்ந்த கருவி கொஞ்சம் நிதானமா எண்ணைப் பிடிச்சு வெச்சுக்கும், அதை மறுக்கலை. ஆனா ஒண்ணு யோசிங்க. டப்பாவை ஒளிச்சவரோட கருவியிலயும் ஒரு பிழை இருந்திருக்கும். அவர் பிழையும் உங்க பிழையும் சேர்ந்தா கடைசி எட்டு, பத்து மீட்டர் எப்படியும் கண்ணாலதான் தேடணும். விளையாட்டோட சுவாரஸ்யமே அந்தப் பத்து மீட்டர்தான். அதைப் போக்கக் காசு குடுக்கிறதுல அர்த்தம் இல்லை.

அப்போ போன் இருக்கும்போது தனிக் கருவி எதுக்கு? நியாயமான கேள்வி. மூணு காரணம்தான். ஒண்ணு, மழையிலயும் கீழ விழுந்தாலும் தாங்கும். ரெண்டு, பேட்டரி. மூணு, அது போன் இல்லை. அதுல யூடியூப் வராது, வாட்ஸ்அப் வராது, நடுவுல ஆபீஸ் கால் வந்து நீங்க பிள்ளை கையில இருந்து பிடுங்கவும் வேண்டாம். என்னைப் பொறுத்தவரைக்கும் காசு குடுக்கிறதே இந்த மூணாவது காரணத்துக்குத்தான்.

வாங்கறதுக்கு முன்னாடி

ஆசையா, ஒரு சீசன் மோகமான்னு தெரியாம எந்தச் செலவும் செய்யக்கூடாது. கீபோர்டு கிளாஸுக்குச் சேர்க்கறதுக்கு முன்னாடி நான் பெற்றோர்கிட்ட சொல்றதும் இதேதான். உங்க போனை வெச்சே முதல்ல இருபது கேஷ் தேடட்டும். அக்கவுண்ட் உங்க பேர்ல இருக்கட்டும், தேடற வேலை அவங்களோடதா இருக்கட்டும்.

ஒவ்வொரு கேஷுக்கும் கண்டுபிடிக்கிற கஷ்டத்துக்கு ஒரு எண், நடக்கிற பாதையோட கஷ்டத்துக்கு ஒரு எண், 1ல இருந்து 5 வரைக்கும் போட்டிருப்பாங்க. ஆரம்பத்துல ரெண்டுமே 2க்குள்ள இருக்கிறதா எடுங்க. டப்பா அளவும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும். நகம் அளவு டப்பாவைத் தேடி மூணு தடவை தோத்தா எந்தப் பிள்ளைக்கும் வெறுத்துப் போயிடும்.

அந்த இருபதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. கிடைக்காத நாள்ல பிள்ளை என்ன செய்யுது? "அடுத்த வாரம் மறுபடியும் வரலாம்"னு சொன்னா கருவி வாங்கலாம். டப்பாவுக்குள்ள இருக்கிற பொம்மையை மாத்தி எடுக்கிறதுல மட்டும்தான் ஆர்வம்னா இன்னும் ஆறு மாசம் போன் போதும். அதுவும் தப்பு இல்லை. 150 டாலர் மிச்சம்.

கணக்கு போடலாம் வாங்க

கருவியோட விலை மட்டும் செலவு இல்லை. மூணு வருஷத்துக்குக் கணக்கு பார்ப்போம். நான் சொல்றது அமெரிக்காவுல அறிமுக விலை. வரி தனி, தள்ளுபடி நேரத்துல குறையும்.

சின்னக் கருவி, கார்மின் இட்ரெக்ஸ் எஸ்இ:
– கருவி: 150 டாலர்
– ரீசார்ஜ் ஆகுற ஏஏ பேட்டரி நாலு, சார்ஜர்: சுமார் 30
– கழுத்துக் கயிறு, சின்ன உறை: சுமார் 10
– ஜியோகேஷிங் பிரீமியம், வருஷம் சுமார் 40 வீதம் 3 வருஷம்: 120
– மொத்தம்: சுமார் 310

பெரிய கருவி, ஜிபிஎஸ்மேப் 67ஐ:
– கருவி: 600
– செயற்கைக்கோள் செய்தி வசதிக்கு மாசம் சுமார் 15 வீதம் 3 வருஷம்: 540
– பிரீமியம் 3 வருஷம்: 120
– மொத்தம்: 1,260

நாலு மடங்கு. பெரிய கருவியில செயற்கைக்கோள் சந்தா எடுக்கலைன்னா 540 மிச்சம்தான். ஆனா அந்த வசதி வேண்டாம்னா அந்தக் கருவியே எதுக்கு?

இன்னொண்ணையும் பாருங்க. சின்னக் கருவிக் கணக்குல பாதிதான் கருவி. மீதி பாதி சந்தாவும் பேட்டரியும். பிரீமியத்தை முதல் நாளே எடுக்க வேண்டாம். இலவச அக்கவுண்ட்லயே வீட்டுப் பக்கம் நிறைய கேஷ் கிடைக்கும். அதெல்லாம் முடிஞ்ச பிறகு, இல்லேன்னா விவரங்களை மொத்தமா கோப்பா இறக்கிக் கருவியில ஏத்தணும்னு தோணும்போது எடுத்தா போதும்.

சரி, எதை வாங்கறது?

புதுசா வாங்கணும்னா என் ஓட்டு இட்ரெக்ஸ் எஸ்இக்கு. 2023ல வந்தது. கறுப்பு வெள்ளைத் திரை, பட்டன் வெச்சது, ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும் தரம். ரெண்டு ஏஏ பேட்டரியில 168 மணி நேரம் வரைக்கும் ஓடும்னு கம்பெனி சொல்லுது. வாரம் நாலு மணி நேரம் சுத்தினா 42 வாரம். பாதிதான் வருதுன்னு வெச்சுக்கிட்டாலும் தாராளம். போன் ஆப் வழியா கேஷ் விவரங்களை ஏத்தலாம். இன்னொரு முக்கியமான விஷயம், இதுல மின்னணு திசைகாட்டி இருக்கு. அது இல்லாத கருவியில நின்ன இடத்துல திசை தெரியாது, நாலு அடி நடந்தாதான் அம்பு சரியாகும். பெரியவங்களுக்குப் பழகிடும், சின்னப் பிள்ளைங்க "அம்பு பொய் சொல்லுது"ன்னு எரிச்சல் ஆயிடுவாங்க.

இதுல விரிவான வரைபடம் கிடையாது. அம்பும் தூரமும்தான். அது குறைதான், ஆனா ஒரு பாடமும் இருக்கு. அம்பு காட்டுறது நேர்கோடு. நடுவுல ஓடை இருக்கா, சரிவு இருக்கா, தனியார் இடமான்னு அதுக்குத் தெரியாது. "அம்பு போற வழியில போகாதே, பாதை போற வழியில போ"ன்னு முதல் நாளே சொல்லிக் குடுங்க.

வண்ணத் திரையும் வரைபடமும் வேணும்னா இட்ரெக்ஸ் 22எக்ஸ், 200 டாலர்ல வந்தது. ஆனா அதுல அந்தத் திசைகாட்டி இல்லை. ரெண்டும் வேணும்னா 32எக்ஸ், 300 டாலர். பேப்பர்ல எழுதின எண்ணை எடுத்துப் பாருங்க. 300ஐத் தாங்கும்னா வாங்குங்க, நான் தடுக்கலை.

என் மனசுக்குப் பிடிச்சது செகண்ட் ஹேண்ட்தான். முதல் சைக்கிளை யாராவது ஷோரூம்ல வாங்கினோமா? சித்தப்பா பையன் ஓட்டின சைக்கிள்தானே வந்தது? வாங்கும்போது இதெல்லாம் பாருங்க:

– வீட்டுக்குள்ள வேண்டாம், வெளியில நின்னு ஆன் பண்ணுங்க. சில நிமிஷத்துல இடத்தைப் பிடிக்கணும்.
– தேதி சரியா காட்டுதா? ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒரு தடவை பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். கடைசியா அது நடந்தது 2019 ஏப்ரல்ல. சில பழைய கருவிகள் அதுக்கப்புறம் தப்பான தேதியைக் காட்டும்.
– பேட்டரி மூடியைத் திறந்து பாருங்க. கம்பியில பச்சையா பூத்திருந்தா வேண்டாம்.
– கம்ப்யூட்டர்ல சாதாரண யூஎஸ்பி கேபிள்ல இணையுதான்னு பாருங்க. 2000ல வந்த மஞ்சள் இட்ரெக்ஸ் அழகா இருக்கும், மலிவாவும் கிடைக்கும். ஆனா அதுக்குத் தனி சீரியல் கேபிள் தேடி அலையணும்.
– ஓரத்து ரப்பர் உரிஞ்சிருந்தா பரவாயில்லை. விலை குறைக்க நல்ல காரணம்.

லீவுக்கு ஊருக்கு வர்றவங்களுக்கு

இதை 600 டாலர் பார்த்து வெச்சிருக்கிற நண்பர் கண்டிப்பா படிக்கணும். ஜிபிஎஸ்மேப் 67ஐ, இன்ரீச் மினி மாதிரி கருவிகள் சிக்னலை வாங்கறதோட நிக்காது, இரிடியம் செயற்கைக்கோள் வழியா செய்தி அனுப்பவும் செய்யும். இந்தியாவுல அரசு அனுமதி இல்லாம அந்த மாதிரி கருவி வெச்சிருக்கிறது குற்றம். 2024 டிசம்பர்ல கோவா விமான நிலையங்கள்ல வெளிநாட்டுப் பயணிகள் கார்மின் கருவிகளோட பிடிபட்டு வழக்கு வரைக்கும் போச்சு. தாத்தா பாட்டியைப் பார்க்க வர்ற லீவுல, பிள்ளையோட பையில இருக்கிற விளையாட்டுச் சாமானுக்காக ஏர்போர்ட்ல உட்கார்ந்து விளக்கம் சொல்ற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

இட்ரெக்ஸ் எஸ்இ மாதிரி வெறும் ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்பாது. இருந்தாலும் பாதுகாப்புச் சோதனையில எல்லாருக்கும் அந்த வித்தியாசம் புரியும்னு சொல்ல முடியாது. ஊருக்கு வரும்போது கருவியை அங்கேயே விட்டுட்டு வாங்க. இங்க போன் போதும்.

பிள்ளையும் பங்குதாரர்தான்

முழுக் காசையும் நீங்களே போடாதீங்க. பத்து சதவீதமாவது பிள்ளையோட உண்டியல்ல இருந்து வரட்டும். 150க்கு 15 டாலர். அந்தப் பதினஞ்சு டாலர் உங்களுக்குப் பெருசில்லை, அவங்களுக்குப் பெருசு. பேட்டரி சார்ஜ் போடறது, வீட்டுக்கு வந்ததும் துடைச்சு வைக்கிறது, ரெண்டு மூணு மாசம் எடுக்கலைன்னா பேட்டரியைக் கழட்டி வைக்கிறது எல்லாம் அவங்க பொறுப்பு.

முதல் நாள் எண்களை ஆப்ல இருந்து ஏத்தாதீங்க. கையால பட்டனை அமுக்கி அவங்களே போடட்டும். கேஷ் எண்கள் டிகிரி, நிமிஷம், நிமிஷத்துல மூணு தசம இடம்னு வரும். அட்சரேகையில கடைசி இலக்கம் ஒண்ணு மாறினா தரையில சுமார் 1.85 மீட்டர் நகரும். நடு இலக்கம் ஒண்ணு மாறினா சுமார் 18 மீட்டர், முதல் இலக்கம் ஒண்ணு மாறினா 185 மீட்டர். தசமத்தானத்தோட மதிப்பை எந்தக் கணக்கு நோட்டும் இவ்வளவு நல்லா சொல்லித் தராது. ஒரு சைபர் தப்பாப் போட்டா என்ன ஆகும்னு எங்க ஆடிட் டீம் பசங்களுக்கே நான் இன்னும் சொல்லிக்கிட்டிருக்கேன்!

கடைசியா, அந்த எழுபது டாலர்

அக்கா பொண்ணோட பழைய இட்ரெக்ஸ் கதையை முடிச்சிடறேன். நான் ஊருக்குத் திரும்பின ரெண்டு மாசத்துல அது தொலைஞ்சு போச்சு. ஒரு மரத்தடியில டப்பாவைத் திறக்கறதுக்காகக் கீழ வெச்சவ, அப்படியே விட்டுட்டு வந்துட்டா. சாயந்திரம் ஞாபகம் வந்து திரும்பிப் போனப்போ இல்லை. அடுத்த நாளும் போய்ப் பார்த்தாங்க. கிடைக்கலை.

அக்கா திட்டலை. "வாங்கின அன்னிக்கே இது போயிடுச்சுன்னு நினைச்சுட்டுத்தான்டா வாங்கினேன்"னு போன்ல என்கிட்ட சொன்னா. ஆனா புதுசு ஒண்ணு உடனே வாங்கியும் குடுக்கலை. நாலு மாசம் அக்கா போனை வெச்சே தேடினா. உண்டியல்ல பாதிக் காசு சேர்ந்த பிறகு, மீதிப் பாதியை அக்கா போட்டு வேற ஒண்ணு வாங்கினாங்க, அதுவும் செகண்ட் ஹேண்ட்தான். இப்போ அதுல ஒரு ஆரஞ்சுக் கயிறு. கழுத்துல மாட்டாம வீட்டை விட்டு இறங்க மாட்டேங்கிறாளாம். கயிறு கட்டச் சொல்லி யாரும் சொல்லலை.

600 டாலர் கருவி தொலைஞ்சிருந்தா அந்த வீட்டுல என்ன நடந்திருக்கும்? அழுகை, திட்டு, "இனிமே உன்னை நம்பி எதுவும் வாங்கித் தர மாட்டேன்" என்கிற வார்த்தை. அந்த வார்த்தையோட விலை எந்த பில்லுலயும் வராது.

டல்லாஸ் நண்பருக்கு என் பதில் இதுதான். 600ஐ விட்டுடுங்க. உங்க எல்லை 150ஐத் தாங்கும்னா புதுசு, இல்லேன்னா நல்ல செகண்ட் ஹேண்ட். மிச்சப் பணத்தை அவ பேர்ல முதலீட்டுல போடுங்க. பிறந்தநாள் அன்னிக்குக் கருவியை அவ கையில குடுத்துட்டு, அன்னிக்கு முழுக்கத் திருப்பி வாங்காதீங்க. நீங்க பின்னாடி நடங்க.

இது விளம்பரப் பதிவு இல்லை, எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு குடுக்கலை. மூணு வருஷக் கணக்கை எக்செல்ல எப்படிப் போடறதுன்னு இந்த வார வீடியோவுல காட்டறேன். அந்தப் பேப்பர்ல நீங்க எழுதின எண் என்னன்னு கமெண்ட்ல சொல்லுங்க.